கொற்றவன் முழுங்கிய புள்ளி

நான் வரைந்த எழுத்துருவுக்குக் ‘கொற்றவன்’ என்று பெயர் வைத்தேன். தடித்த உடம்பு, ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் நாதஸ்வர வாய் மாதிரி விரியும். அடக்கமான ஆட்களுக்கு அது ஒத்துவராது. அப்படி யாரும் நம் பக்கம் இல்லாததால், ஆறே மாதத்தில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பிரியாணிக் கடை, வட்டச் செயலாளர் பிறந்தநாள் எல்லாம் கொற்றவன்தான்.

காலடிப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெபசிங் அப்போதே சொன்னான். "மாமு, புள்ளி இன்னா கடுகாட்டம் கீது? ‘ல்’ போட்டா லானாவோட கை விரிஞ்சி புள்ளிய முழுங்கிடுது. பெருசாக்கி மேல தூக்கு."

"ராஜா தலையில ஈ உக்காந்த மாதிரி ஆயிடும்டா" என்றேன். எழுத்து வரைகிறவன் இப்படி ஒரு வாக்கியமாவது கைவசம் வைத்திருக்க வேண்டும்.

முதலில் மாட்டியவர் நாலு கல்லூரி வைத்திருக்கும் பெரிய மனிதர். எர்ணாவூரில் நாற்பதடி பேனர்: ‘கல்வித் தந்தையே வருக!’ எதிர்ப்புறமிருந்து பார்த்தால் புள்ளியைக் காணோம். ‘கலவித் தந்தையே வருக!’ சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. படமெடுத்து எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பியவன் நான்தான். திருத்த ஒரு மணி நேரம் போதும். திருத்தவில்லை. இன்னும் இரண்டு கல்வித் தந்தைகள் விழட்டும் என்று காத்திருந்தேன்.

விழுந்தவர் செங்கொடி.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு சொல்லித் தருகிறவர். தன் அம்மா பெயரில் போர்டு வைத்தார்: ‘கெங்கம்மா கல்வி நிலையம்’. மூன்றாம் நாள் அதன் படம் என் போனுக்கே வந்தது, நான் பழக்கிவிட்ட அதே நக்கலோடு.

"பதினாலு பொண்ணுங்க வந்துகினு இருந்துச்சாம். இப்ப மூணுதான்" என்றான் ஜெபசிங். "அடுத்த மாசம் பரீட்சை."

மறுநாள் சிவப்பு ஸ்டிக்கரில் பெரிய புள்ளி ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூலில் ஏறி ஒட்டும்போது கீழே செங்கொடி வந்து நின்றார்.

"ஃப்ளெக்ஸ் கடையா சார்?"

"இல்லம்மா. இந்த எழுத்தை வரைஞ்சவன். புள்ளி மறையும்னு தெரியும்."

"தெரிஞ்சா வுட்டீங்க?"

"தெரிஞ்சு சிரிச்சேன். ஊருக்கெல்லாம் அனுப்பினேன்."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "தூரத்துல பாத்தாலும் எங்கம்மா பேரு கெத்தா தெரியணும்னு நான்தான் சார் இந்த எழுத்தக் கேட்டு வாங்கினேன்" என்றார். நான் இறங்க ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "புள்ளி ஒட்டிட்டீங்க, சரி. நின்னுபோன பதினோரு பொண்ணுங்க வூட்டுக்கும் என்கூட வாங்க. அவங்க நைனாங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"எனக்கு வாய் கூசுது சார். உங்களுக்குத்தான் கூசலியே."

முதல் வீடு மூன்றாம் மாடியில். மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டபடி கதவைத் திறந்தார் பெண்ணின் அப்பா, அப்பாவு. "இன்னா சார்?" அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அது வந்துங்க... போர்டுல இருக்கிறது கலவி இல்லைங்க. கல்வி. தப்பு என்னோடது."

"காதுல வுழல. சத்தமா சொல்லு."

சொன்னேன். அந்த ல்-லை அவ்வளவு அழுத்தி நான் உச்சரித்ததே இல்லை. பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அப்பாவு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திரும்பி, "நோட்ட எடுத்துகினு கெளம்பு" என்றார் மகளிடம்.

நான் நைசாகப் படியிறங்கத் திரும்பினேன்.

"சார், அங்க இல்ல" என்றார் செங்கொடி. "அடுத்த வூடு மேல."