சாறியோடு நூறு மீற்றர்

...தேசிக்காயைக் கரண்டியில் வைத்து, கரண்டியை வாயில் கவ்வி, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடப்பதற்கு ஒரு போட்டி, அதில் வெல்பவளுக்கு ஒரு பிளாஸ்ரிக் கூடை, இந்த வருடமும் அதேதானா, என்று கஜானி, இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் போட்ட பச்சை இல்லத்துக் கொட்டகையின் நிழலில் நின்றபடி ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆசிரியர்களுக்கான நூறு மீற்றர் ஓட்டம், அதைத் தொடர்ந்து ஆசிரியைகளுக்கான தேசிக்காய் நடை, பங்குபற்றுவோர் ஆயத்தமாகவும்... அவர்கள் ஓடுவார்கள், நாங்கள் நடப்போம், கேட்டால் சாறியோடு எப்படி ரீச்சர் ஓடுவீர்கள் என்பார்கள், சரி, சாறி கட்டச் சொன்னது யார், விளையாட்டுப் போட்டிக்குக்கூட இல்லத்தின் நிறத்தில் சாறி என்று நேற்றுக் காலைக் கூட்டத்தில் அறிவித்தது யார்? வாவியிலிருந்து காற்று வந்து கொட்டகையின் பச்சைத் தோரணங்களை உலுப்பியது, பிள்ளைகள் தகரப் பேணியில் தாளம் போட்டார்கள், பள்ளிக்கூடம் முழுவதும் வியர்வையும் சுண்ணாம்புத் தூளும் சர்பத்துமாக மணத்தது, அவளுக்கோ காரணமில்லாமல் சந்தோசமாக இருந்தது, கோபப்பட வேண்டிய நேரத்தில் இதென்ன சந்தோசம், கால் இரண்டும் தங்கள் பாட்டில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தன, அதை அவள் குனிந்து பார்த்தபிறகுதான் கண்டாள்.

கால்களுக்கு என்ன தெரியும், அவை போன மாதம் ஸ்கூட்டிக்கு அடியில் கிடந்த கால்கள். கிரானிலிருந்து வருகிறபோது முந்தானை சுழல்கிற பின்சில்லில் சுற்றிக்கொண்டது, இழுத்த இழுப்பில் வானம் ஒருபக்கம் போனது, தெரு ஒருபக்கம் போனது, முழங்கையில் இன்னும் தழும்பு. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூட அதிபர் வினாயகமூர்த்தியிடம் போய்க் கேட்டாள், சேர், நான் சல்வார் போட்டுக்கொண்டு வரட்டா, இல்லையென்றால் தோட்டத்தில் பாடம் இருக்கிற நாட்களிலாவது ஒரு களிசான், கால் மூடின காற்சட்டைதானே சேர்... விவசாயம் படிப்பிக்கிறவள் அவள், வெண்டிப் பாத்திக்குள் ஒரு கையால் சாறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் மண்வெட்டி பிடிக்கிறவள். அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரீச்சர், சாறிதான் ஒரு ஆசிரியைக்கு மரியாதை. புள்ளைகள் உங்களப் பாத்துத்தானே வளருதுகள்." கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு இலகு, விழுந்த அன்று செவ்விளநீர்க் குலையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மனிதர், ஸ்கூட்டியைத் தானே தள்ளிக்கொண்டுபோய்த் திருத்தக் கொடுத்த மனிதர், அவருக்கு மரியாதை என்றால் பன்னிரண்டு முழத்துக்குக் குறையாத ஏதோ ஒன்று. அம்மா வயல் வட்டைக்குள் வேலைக்குப் போகும்போது அப்பாவின் பழைய சேட்டும் களிசானும்தான், வயல் வரம்பில் அம்மாவைக் கண்டவர்கள் எவரும் மரியாதை குறைந்து போயிற்று என்று சொன்னதில்லையே, நெல்லுக்கு மரியாதை வேண்டாம், கரும்பலகைக்கு மட்டும் வேண்டுமா?

அவள் நடந்துகொண்டிருந்தாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை, சுண்ணாம்புக் கோட்டை மிதித்தபோதுதான் இது ஓட்டத்தின் கோடு, ஆண்கள் நிற்கிற கோடு என்று தெரிந்தது. விளையாட்டுப் பாடம் படிப்பிக்கிற நிதுர்ஷன் விசிலோடு நின்றான், கரடியனாற்றுப் பொடியன், வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. "ரீச்சர், தேசிக்காய் அங்கால," என்றான் பணிவாக. "தேசிக்காய் கிடக்கட்டும் தம்பி. நான் ஓட வந்தனான்." கணிதம் படிப்பிக்கிற சேர் சிரித்தார், சாறியோடயா, விழுந்தா ஆர் தூக்கிறது? அவள் என்ன சொன்னாள், சொன்னபிறகுதான் அவளுக்கே கேட்டது, "நியாயமெண்டா எல்லாருக்கும் ஒரே உடுப்பு சேர். ஒண்டு நான் களிசான் போடோணும், இல்லாட்டி நீங்க சாறி கட்டோணும்." பகிடிக்குத்தான், வாய் தவறிய பகிடி, ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற பதினோராம் வகுப்புப் பெண் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களில் தனுஷாவின் தொண்டைதான் முதலில், "சாறி! சாறி! சாறி!" பிறகு சிவப்பு இல்லம், பிறகு மஞ்சள், பேணிகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத் தாளம் போட்டன. நிதுர்ஷன் விசிலைக் கழற்றிக் கணித சேரின் கையில் கொடுத்துவிட்டு நேரே பச்சைக் கொட்டகைக்குப் போய், முகப்பில் சோடித்திருந்த சாறிகளில் ஒன்றை அவிழ்த்தான்.

கோமாளிபோல் சுற்றிக்கொண்டு வருவான் என்றுதான் அவள் நினைத்தாள், எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், சிரிப்பதற்கு வாயைத் திறந்தும் வைத்திருந்தார்கள். ஆனால் அவன் காற்சட்டைக்கு மேல் சாறியைச் செருகி, விரல்களால் மடித்து மடித்துக் கொய்யகம் எடுத்தான், ஒன்று, இன்னொன்று, எல்லாம் ஒரே அகலம், முந்தானையைத் தோளில் போட்டு இடுப்பில் இறுக்கினான், இவள் ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் பின்னோடும் ஊசியோடும் மல்லுக்கட்டுகிற வேலை அவனுக்கு மூச்சுவிடுவதுபோல் வந்தது. "போன வருசக் கூத்தில நான்தான் ராணி, ரீச்சர். விடிய விடிய சாறியோட ஆடினனான். நீங்க கவனம்." சிரிப்பு எங்கோ நின்று கைதட்டலாக மாறியது. கணித சேர் தனக்கு முழங்கால் நோவு என்று சொல்லி விசிலை வைத்துக்கொண்டார், மற்ற ஆண்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள், கோட்டில் இரண்டு பேர், இரண்டு சாறி. அவள் அம்மாவை நினைத்துக்கொண்டு சாறிக் கரையை முழங்கால்வரை தூக்கி இடுப்பில் இறுக்கிச் செருகினாள், கீழே பாவாடை தெரிகிறதா, தெரிந்தால் தெரியட்டும்...

விசில். முதல் எட்டிலேயே பிழை, இடது கால் கரையை மிதித்தது, விழப்போகிறேன், இல்லை, விழவில்லை, நெஞ்சுக்குள் ஏதோ கதவு திறந்ததுபோல் காற்று புகுந்தது, எத்தனை வருடமாக ஓடவில்லை, பஸ்சுக்கு ஓடியது ஓட்டமில்லை, மழைக்கு ஓடியது ஓட்டமில்லை, ஒன்றையும் பிடிக்கவும் ஒன்றுக்கும் ஒதுங்கவும் இல்லாமல் சும்மா ஓடுவது இப்படித்தான் இருக்குமா, கொண்டையில் இருந்து ஊசிகள் ஒவ்வொன்றாக விழுந்தன, விழட்டும், பக்கத்தில் நிதுர்ஷனின் மூச்சு, ஒரு கையால் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறானே படுபாவி, என்ன அழகாக ஓடுகிறான், "ரீச்சர் விடாதீங்க!" என்று பிள்ளைகளின் கத்தல் வாவிக்குப் போய்த் திரும்பி வந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டு ஓட முடியாது, ஓடிக்கொண்டு சிரிக்க முடிந்தது. நாடாவை அவன்தான் முதலில் தொட்டான். ஒரு கை நீள வித்தியாசம். தோற்றுப்போனேனா, ஓம், தோற்றுத்தான் போனேன், பிறகேன் இந்தப் பிள்ளைகள் என்னைத் தூக்குகிறார்கள், தனுஷா ஏன் அழுகிறாள், எனக்கு ஏன் ஒன்றுமே நோகவில்லை?

அதிபர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் கடுமையாக இருந்தது. கஜானி கரையை அவிழ்த்துவிட்டு, கலைந்த கொண்டையைக் கையால் அள்ளிப் பிடித்தாள், தனக்குத்தான் ஏச்சு என்று ஆயத்தமாக நின்றாள். ஆனால் அவர் அவளைப் பார்க்கவேயில்லை. "நிதுர்ஷன் சேர், முதல்ல அதக் கழட்டுங்க. புள்ளைகளுக்கு முன்னால ஒரு வாத்தியார் சாறியோட நிக்கிறது மானக்கேடு." நிதுர்ஷன் கழற்றினான், நான்காக மடித்தான், அதிபரின் கையில் கொடுத்தான். மானக்கேடு... கஜானிக்குள் அந்தச் சொல் தடக்கி நின்றது. இதே துணிதானே சேர், இதே பன்னிரண்டு முழம்தானே, என்னில் இருந்தால் மரியாதை, அவனில் இருந்தால் மானக்கேடு, அப்படியென்றால் மரியாதை துணியில் இல்லை, பிறகு எதில் இருக்கிறது, யாருக்காக நான் இதை ஒவ்வொரு நாளும் சுற்றிக்கொண்டு வருகிறேன்? கேட்டுவிடலாமா? வாயைத் திறப்பதற்குள் அவர் நிமிர்ந்தார், கண் அவளில் பட்டது, அவளுடைய பச்சைச் சாறியில் பட்டது, திரும்பித் தன் கையிலிருந்த பச்சைச் சாறிக்கு இறங்கியது. அவர் சொன்ன சொல் அவருக்கே அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

"சேர்," என்றாள் தனுஷா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வாற வருசம் எல்லாரும் சாறியோடயா, எல்லாரும் களிசானோடயா?" அதிபர் அவளைப் பார்த்தார், நிதுர்ஷனைப் பார்த்தார், பிறகு, இத்தனை வருடத்தில் கஜானி கண்டிராத ஒன்று, அவருடைய தோள் சிரிப்பில் குலுங்கியது, அவருக்கு மேல்வாயில் ஒரு தெற்றுப்பல் இருக்கிறது என்பதே இன்றைக்குத்தான் தெரியும். "போங்க, போய்ப் பரிசளிப்புக்கு ஆயத்தமாகுங்க," என்று சொல்லிவிட்டு, சாறியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை என்ன உடுத்துக்கொண்டு வருவது என்று அவரிடம் கேட்க வேண்டும், என்று நினைத்துக்கொண்டு கஜானி அவருக்குப் பின்னால் இரண்டு எட்டு வைத்தாள், பிறகு நின்றாள், கேட்க வேண்டுமா, உண்மையாகவே இதை யாரிடமாவது கேட்க வேண்டுமா...