லாபம், ரெண்டு, மூணு

பிருந்தாவுக்கு எண்ணத் தெரியாது. எம்.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவளைப் பற்றி இப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். ஆனால் பி.எஸ்ஸி. முதலாண்டில் அது வகுப்பறிந்த சங்கதி. தனி ஊசல் பரிசோதனையில் எல்லாரும் புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று எழுதிவிட்டுக் கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருக்க, பிருந்தாவுக்கு மட்டும் வாரம் தவறாமல் பத்து புள்ளி எட்டு வரும். "உன்னை மட்டும் பூமி கூடுதலா இழுக்குதோ?" என்று பேராசிரியை கேட்டுவைக்க, அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பின்னாலேயே போய்க் கதவைத் தட்டியது ஜுபைதா பீவிதான்.

"ஏட்டி, வெளிய வா. ஸ்டாப் வாட்சை அமுக்கும்போது வாய்க்குள்ள என்ன சொல்லுதே?"

"ஒண்ணுன்னு சொல்லுதேன்."

"அங்கதான் கெட்டுச்சு."

ஜுபைதாவின் வாப்பா காஜா முகைதீனுக்குப் பேட்டையில் நெல் மண்டி. வீட்டுக்குப் பின்கட்டிலேயே மூட்டை அடுக்கும் கிட்டங்கி. ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் அவளும் சின்ன வயதிலிருந்தே மரக்கால் பிடித்தவள். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று தொடங்குவதில்லை என்பது தெரிந்ததுதானே? லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும்.

"மரக்காலைக் குவியலுக்குள்ள விடும்போது எங்க வாப்பா அல்லா பேரால தொடங்குதேன்னு பிஸ்மி சொல்லுவாங்க. அள்ளிச் சாக்குல கொட்டின பிறகுதான் லாபம். விடும்போதே லாபம்னு சொல்லிட்டா ஒரு மரக்கால் காத்துல போச்சுல்லா? இதுவும் அப்படித்தான். வாட்சை அமுக்கும்போது பிஸ்மி. நூல்ல தொங்குற குண்டு அங்கன போயி, இங்கன வந்து, திரும்பப் புறப்பட்ட இடத்தைத் தாண்டும்போதுதான் லாபம். நீ இருபது அலைவுன்னு பத்தொன்பதுக்கு நேரம் எடுத்துக்கிட்டு இருக்கே."

அடுத்த வாரம் தேவாரம் பாடுகிற வீட்டுப் பெண் பிஸ்மி சொல்லி ஊசலை எண்ணினாள். ஒன்பது புள்ளி ஏழு எட்டு வந்தது. அன்றிலிருந்து பிருந்தா ஜுபைதாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பஸ் ஸ்டாண்டு என்றாலும் நூலகம் என்றாலும், "ஏ லாபம்!" என்ற சத்தம் கேட்டால் ஜுபைதா திரும்புவாள். அப்படிக் கூப்பிடும் உரிமையை வேறு யாருக்கும் அவள் கொடுத்ததில்லை.

எம்.எஸ்ஸி. முடிந்து ஓராண்டு இரண்டு பேரும் வீட்டில் சும்மா இருந்தார்கள். தொண்ணூற்றாறாம் வருடம், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்கில் இயற்பியல் ஆய்வகத்துக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. ஒரே ஒரு இடம். ஜுபைதாவுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. பெண்கள் மட்டும் படிக்கிற இடம், பேட்டையிலிருந்து ஒரே பஸ் என்பதால்தான் வாப்பா தலையை ஆட்டினார். "இது ஒண்ணுக்குப் போயிட்டு வா புள்ள. கிடைக்கலன்னா மண்டிக் கணக்கைப் பாத்துக்கிட்டு வீட்ல இரி" என்று சொல்லிவிட்டார். அவர் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். வாழ்நாள் முழுக்க நெல்லையா, ஊசலையா, எதை எண்ணப்போகிறோம் என்பது அந்த ஒரு நாளில் இருந்தது.

பிருந்தாவும் மனுப் போட்டாள். ஜுபைதாதான் படிவம் வாங்கிக் கொடுத்தாள். "உனக்குக் கிடைச்சா எனக்குக் கிடைச்ச மாதிரிட்டி" என்று சொல்லவும் செய்தாள். அதை மனசாரத்தான் சொன்னாள், பைத்தியக்காரி.

நேர்முகத்தில் எல்லாரையும் வடிகட்டி மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர். துறைத் தலைவர் ஞானசிகாமணி வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு யோசித்தார். டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு வாயால் பதில் சொன்னால் போதாது, ஆளுக்கு ஒரு பரிசோதனை செய்து காட்டட்டும் என்றார். தனி ஊசல். ஒருவர் வாட்ச் பிடிக்க, ஒருவர் ஊசலைப் பார்த்து எண்ண வேண்டும். "ரெண்டு பேரும் ஒரே காலேஜ்தானே, ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா எண்ணிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகிற இரண்டு பேரை ஒருவருக்கொருவர் எண்ணச் சொன்ன அந்த மகா புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது! பக்கத்து மேசையில் வேறு பாடத்துக்கு நேர்முகம் நடந்துகொண்டிருந்ததால், வாய்க்குள் எண்ணி, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் மட்டும் குரல் கொடுக்கச் சொன்னார்.

முதலில் ஜுபைதா. பிளந்த தக்கைக்கு நடுவில் நூலைச் செருகி, குண்டின் நடுமையம் வரை எண்பது சென்டிமீட்டர் அளந்து விட்டாள். கண்ணை வாட்சில் வைத்துக்கொண்டாள்.

"ஸ்டார்ட்" என்றாள் பிருந்தா.

முள் ஓடியது.

"ஸ்டாப்."

முப்பத்து நாலு வினாடி. ஜுபைதாவுக்கு எங்கேயோ இடித்தது. எண்பது சென்டிமீட்டருக்கு இருபது அலைவு என்றால் முப்பத்தாறு ஒட்டி வர வேண்டும். எத்தனை ஆண்டுப் பழக்கம், கை சொல்லாதா? நூலைப் பார்த்தாள், தக்கையைப் பார்த்தாள், ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

"சரியா எண்ணுனியாட்டி?"

"எண்ணாம? உன் வேலையைப் பாரு லாபம்" என்று பிருந்தா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் ஜுபைதாவின் மனசு அடங்கிவிட்டது. நீளத்தை மாற்றி மாற்றி அளந்தாள். எல்லாவற்றுக்கும் நேரம் ஒரே விகிதத்தில் குறைவாகவே வந்தது. ஸ்கேலில் கோளாறு என்றால் நீளத்துக்கு நீளம் விகிதம் மாறும். எல்லாம் ஒன்றுபோலக் குறைந்தால் வாட்ச் மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். விடை பத்து புள்ளி எட்டு. ஒன்பது புள்ளி எட்டு என்று மாற்றி எழுதுவது எவருக்கும் தெரிந்த வித்தைதான். அவள் மாற்றவில்லை. வந்ததை வந்தபடி எழுதி, "வாட்ச் மெதுவா ஓடுது சார்" என்று ஞானசிகாமணியிடம் அடித்துச் சொன்னாள்.

பிறகு பிருந்தா வாட்ச் பிடிக்க, ஜுபைதா எண்ணினாள். அதே நூல், அதே குண்டு, அதே வாட்ச். பிஸ்மி என்று மனசுக்குள் சொல்லி ஒவ்வொரு அலைவாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். பிருந்தாவுக்கு ஒன்பது புள்ளி எட்டு வந்தது.

"இப்ப மட்டும் வாட்ச் ஒழுங்கா ஓடுதோ?" என்றார் ஞானசிகாமணி. பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜுபைதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிருந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்ணார்பேட்டையைத் தாண்டி, பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான் ஜுபைதாவுக்குப் பொறி தட்டியது. இருபதுக்குப் பதில் பத்தொன்பது. முதலாண்டு பிருந்தாவின் அதே பத்து புள்ளி எட்டு. ஆனாலும் அந்த நினைப்பை அவளே தள்ளிவிட்டாள். பதற்றத்தில் பழைய பழக்கம் திரும்பியிருக்கும், பாவம், அவளுக்கே தெரிந்திருக்காது என்று சமாதானம் செய்துகொண்டாள். துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று யோசித்து, பிருந்தாவுக்கு அவமானம் என்று அதையும் விட்டாள். வேலை போனாலும் போகட்டும், சவத்தை விடு என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

பிருந்தாவுக்கு வேலை உத்தரவு வந்ததாகக் கேள்விப்பட்ட மறுவாரம், தன் அசல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க ஜுபைதா பாலிடெக்னிக்குக்குப் போனாள். ஞானசிகாமணி கெட்ட மனிதரில்லை. உட்காரச் சொல்லி, சான்றிதழ்களைக் கையில் கொடுத்தார். சும்மா கொடுத்திருக்கலாம்.

"வருத்தப்படாதம்மா. பழக்கதோஷம்னு ஒண்ணு இருக்குல்லா. நெல்லளக்கிற வீட்ல லாபம்னுதான் ஆரம்பிப்பீங்களாம், விட்ட உடனே எண்ணிருவீங்களாம். அன்னிக்கும் அப்படித்தான் ஒண்ணு குறைஞ்சிட்டுதுன்னு உன் சிநேகிதி சொல்லிச்சு. உனக்காக ரொம்ப வருத்தப்பட்டுச்சு."

"எனக்கு எண்ணுனது நான் இல்ல சார். அவதான் எண்ணுனா."

அவர் கை வழுக்கைத் தலையில் அப்படியே நின்றது. யார் யாருக்கு எண்ணினார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ஆர்டர் போயிட்டுதேம்மா" என்றார் கடைசியில்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். வேலை போனது சுடவில்லை. தன் வாப்பாவின் வாயிலிருந்து வந்த சொல்லை எடுத்து, இத்தனை ஆண்டு செல்லப்பெயராக வைத்துக் கூப்பிட்டுவிட்டு, அதாலேயே பிருந்தா இவள் கழுத்தை அறுத்திருக்கிறாளே, அதுதான் சுட்டது. கொஞ்சியதெல்லாம் பொய்யா, இது மட்டும் பொய்யா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தலையணை நனைய அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை பிருந்தாவே வந்தாள். ஜுபைதா கிட்டங்கியில் நெல் அளந்துகொண்டிருந்தாள்.

"ஏ லாபம்! வேலையில சேந்துட்டேன். உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"அப்படிக் கூப்பிடாத."

பிருந்தாவின் முகம் செத்துவிட்டது. ஞானசிகாமணி சொன்னதை ஜுபைதா ஒன்றுவிடாமல் சொன்னாள். சத்தம் போடவில்லை.

"அவர் எப்படித் தப்பு வந்துச்சுன்னு தோண்டித் தோண்டிக் கேட்டார்ட்டி" என்று பிருந்தா தடுமாறினாள். "வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அண்ணனும் தனியாப் போயிட்டான், அப்பா பென்சன்ல என்ன ஓடும், நீயே சொல்லு. உனக்கு மண்டி இருக்கு."

"சொன்னதை விடு. எண்ணுனதைச் சொல்லு. தெரிஞ்சு செஞ்சியா?"

"சத்தியமா இல்லட்டி. பதற்றம். பழைய மாதிரி ஒண்ணுன்னே ஆரம்பிச்சிட்டேன் போல."

ஜுபைதா அவளையே பார்த்தாள். நம்பிவிட வேண்டும் என்று அப்போதும் அவளுக்கு ஆசையாக இருந்தது. இந்த ஒன்றை மட்டும் நம்ப முடிந்தால் மற்றதை எல்லாம் மன்னித்துவிடலாம்.

"சரி. நான் அளக்குதேன், நீ எண்ணு."

"இப்பவா?"

"எண்ணுட்டி."

புதுச் சாக்கு ஒன்றை விரித்து வைத்தாள். மரக்காலைக் குவியலுக்குள் விட்டாள். பிருந்தாவின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். வாய் திறக்கவில்லை. ஜுபைதா அள்ளினாள். நெல் முழுவதும் சாக்குக்குள் விழுந்து, மரக்கால் காலியான பிறகுதான் பிருந்தாவின் உதடு பிரிந்தது.

"லாபம்."

சொல்லி முடித்த பிறகே தான் என்ன சொன்னோம், எப்போது சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கைக்குட்டை வாய்க்குப் போனது.

"இப்பவும் உனக்குப் பதற்றந்தான்" என்றாள் ஜுபைதா. "சரியாத்தானே எண்ணுதே?"

பிருந்தா நின்றாள். திரும்பி நடந்தாள். முற்றத்தில் உம்மா, "டீ குடிச்சிட்டுப் போயேம்மா" என்று கேட்பதும், தெருக்கதவு சாத்தப்படுவதும் கேட்டது.

ஜுபைதா கண்ணைத் துடைத்தாள். சாக்கில் விழுந்த நெல்லைத் திரும்பக் குவியலிலேயே கொட்டினாள். பிறகு பிஸ்மி சொல்லி, முதலிலிருந்து தானே எண்ணத் தொடங்கினாள்.