கணக்கில் வராத செவலை

இலஞ்சியில் அன்று காலை பாதி வீடுகளில் அடுப்பே மூட்டவில்லை. வெள்ளத்தில் மாடு போனவர்களுக்குச் சர்க்கார் பணம் தருகிறதாம், மாட்டுக்கு முப்பது ரூபாயாம்! தென்காசியிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ராமசேஷன் வில்வண்டியில் வந்து இறங்கியும் விட்டார். பிள்ளையார் கோவில் முன்னால் ஊரே கூடி ஏகக் களேபரம்.

பேச்சித்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். ஐப்பசி மழையில் சிற்றாறு பெருகி அவளுடைய செவலைப் பசுவை அடித்துக்கொண்டு போய்விட்டது. தாயில்லாத கன்று கஞ்சித்தண்ணீரைக் குடித்துக் கழிந்துகொண்டிருந்தது. வீட்டில் மிச்சமிருந்த கறுப்பிக்கு எப்போதோ பால் வற்றிவிட்டது. பணம் வந்தால் நாளைக்கே ஒரு கறவைப் பசுவைப் பிடித்துவிடலாம், கன்று பிழைத்துக்கொள்ளும்.

அவள் முறை வந்ததும் இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"ஆடியிலே மாடு கணக்கெடுக்க வந்தப்போ ஒரு பசுன்னுதானே சொன்னே? அதுதான் உசிரோட நிக்கறதே!"

அந்தத் தெருவில் யார்தான் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள்? மாட்டை எண்ணிச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று ஆளுக்கொன்றைக் குறைத்துத்தான் சொன்னார்கள். மந்தை வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. பேச்சித்தாயிடம் இருந்ததே இரண்டு. செவலையைத் தென்னந்தோப்புக்குள் மறைத்துக் கட்டிவிட்டுக் கறுப்பியை மட்டும் காட்டிய சமர்த்து அவள்!

"கண்ணு பட்டுரும்னு ஒண்ணக் கொறச்சுச் சொல்லிட்டேன் சாமி."

"கெடுத்தியே ஏட்டி!" என்று அவள் புருஷன் நயினார் தலையில் அடித்துக்கொண்டான்.

ராமசேஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தென்காசிப் பாலத்தடியிலே செத்து ஒதுங்கின மாடுகளை நேத்துப் பார்த்துட்டுத்தான் வரேன். உன் பசு எப்படி இருக்கும்? நீயே சொல்லு. வேற யாரும் வாயைத் திறக்கப்படாது."

பேச்சித்தாய் சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். வாங்கிய நாளிலிருந்து அந்தப் பசுவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வெளியே சொன்னவளில்லை. பால் எவ்வளவு என்று கேட்டால், 'என்னத்தக் கறக்குது' என்பாள். நெற்றியில் கரியைப் பூசாமல் மேய்ச்சலுக்கு விடமாட்டாள். இத்தனை கண்களுக்கு முன்னால் இப்போது எப்படிச் சொல்வது?

"சொல்லேன் ஏட்டி!" நயினார் அலறினான்.

சட்டென்று அவளுக்கு உறைத்தது. இனிமேல் யார் கண் பட்டு என்ன ஆகப்போகிறது?

"செவலைன்னா அப்படியொரு செவலை சாமி, குங்குமம் மாதிரி மினுங்கும்! நெத்தியில வெத்தலை கணக்கா வெள்ளைச் சுட்டி. வலது காதுல நாய் கடிச்ச கிழிசல். இடது கொம்பு மட்டும் காதப் பாத்து வளைஞ்சிருக்கும், அதுவும் அழகுதான்!"

ராமசேஷன் எழுந்தே நின்றுவிட்டார். "அந்தக் கொம்பை நான் பார்த்தேனே! கிழிசலும் பார்த்தேன். சரி, எழுதியாச்சு. முப்பது ரூபாய்!"

கூட்டம் ஹோவென்று கூவியது. நயினார் துண்டைத் தலைக்குமேல் சுழற்றினான். பேச்சித்தாய் நிறுத்தவில்லை. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

"காலும் அரையுமா இல்ல சாமி, செம்பு நெறஞ்சு வழியக் கறக்கும்! குத்தாலத்துக்குச் சாரலுக்கு வாரவுக இந்தப் பாலுதான் வேணும்னு தேடி வருவாக. எஞ்சத்தம் கேட்டா எங்கன நின்னாலும் ஓடி வந்துரும்!"

"போதும்மா, எழுதியாச்சுன்னேனே."

"இருங்க சாமி," என்றாள் பேச்சித்தாய். "அது நடக்குத நடைய இன்னும் சொல்லலையே!"