பச்சை கேட் வீட்டின் விலை

பத்திரம் முடிகிற வரை வெளியே மூச்சு விடக் கூடாது. துபாயில் எங்கள் லேபர் கேம்பில் நிலம், வீடு வாங்குகிற எல்லோருக்கும் இதுதான் சட்டம். கண் பட்டுவிடுமாம். அல் கூஸில் பன்னிரண்டு பேர் படுக்கிற ரூமில், ஒருவன் எத்தனை முறை கக்கூஸ் போகிறான் என்பதுகூட மற்றவனுக்குத் தெரியும். இது மட்டும் தெரியாது. இந்தக் கேடுகெட்ட பழக்கம் எனக்கும் உண்டு.

2007இல், பரமக்குடியில் என் மனைவி சந்திரகலாவும் இரண்டு பிள்ளைகளும் குடியிருந்த வாடகை வீடு விலைக்கு வந்தது. தபால் ஆபீசுக்குப் பின்னால், பச்சை கேட் போட்ட வீடு. பள்ளிக்கூடம் அடுத்த தெரு. வேறு யாராவது வாங்கினால் இவர்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டும். புரோக்கர் சேதுராமன் நாலு லட்சம் என்றார். சரி என்றேன். மூன்றாம் நாளே போன் செய்தார்.

"சிங்கப்பூர் பார்ட்டி ஒண்ணு நாலரை சொல்லுது தம்பி."

ஐந்து என்றேன். அவன் ஐந்தரை என்றானாம்.

அந்த மூன்று வாரமும் போன் வந்தால் ரூமை விட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினேன். சில நாள் எனக்கு முன்பே அங்கே பாண்டித்துரை போனும் கையுமாக நிற்பான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள், என் கீழ்க் கட்டில்காரன். நாலு வருடமாக ஒரே சட்டியில் சோறு.

"என்ன மாப்ள, புதுசா செட்டப்பா?" என்று கிண்டலடிப்பேன். சிரித்து மழுப்புவான்.

ஏழு லட்சம் வரை போனேன். சந்திரகலாவின் தாலிக்கொடியை விற்பதுவரை பேசியாகிவிட்டது. ஏழேகாலுக்குச் சிங்கப்பூர்க்காரன் முடித்துவிட்டான். முகம் தெரியாத அந்த நாயை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பாண்டித்துரை லட்டு டப்பாவோடு ரூமுக்குள் வந்தான். வீடு வாங்கிவிட்டானாம். ஊரில் அவனுக்காகப் பவர் பத்திரம் வாங்கியிருந்த மச்சான் முந்தின நாள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"எங்கடா?"

"பரமக்குடி மாப்ள. தபால் ஆபீசுக்குப் பின்னாடி, பச்சை கேட்டு வீடு. ஒரு சிங்கப்பூர்க்காரன் விலையை ஏத்திக்கிட்டே போனான். நானும் விடலையே."

சேதுராமன் எங்கள் இருவருக்கும் ஒரே சிங்கப்பூர்க்காரனைக் காட்டியிருக்கிறார். மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலும் முட்டிக்கொண்டு நாலு லட்சத்து வீட்டை ஏழேகால் ஆக்கியிருக்கிறோம். ஒருவன் வாயைத் திறந்திருந்தால் போதும்.

"வாடகைக்கு ஒரு பொம்பள இருக்காம். காலி பண்ணச் சொல்லி நாளைக்குச் சேதுராமன் போறாரு. இடிச்சு மாடி வச்சு ரெண்டு வாடகை பாக்கலாம்."

"அது என் பொண்டாட்டிடா."

டப்பாவை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாது மாப்ள."

லட்டு டப்பாவை என் பக்கம் நகர்த்தினான்.

"ஒண்ணு செய்வோமா? நீயே எடுத்துக்க. இப்ப அங்க எட்டு போகுது. உனக்குங்கறதால ஏழே முக்கால்."

எட்டு போகிறதாம். அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதே நாங்கள் இரண்டு மடையர்கள்தான். இவன் என் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டே எனக்கு விலை சொல்கிறான். அவன் மூஞ்சியில் காறித் துப்பத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏழரைன்னா முடிச்சுக்கலாம்," என்றேன்.