மூச்சில் தெரிந்த பட்டினி

செம்பூரில் ஓர் ஓட்டப் பயிற்சி மையத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த வேதமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. சுஜாவின் முகத்தில் ஒரு முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய் இயந்திரத்துக்குப் போனது. அவள் விடும் மூச்சை வைத்தே உடம்பு எதை எரிக்கிறது, கொழுப்பையா சர்க்கரையையா, எந்த வேகத்தில் தளர்கிறது என்றெல்லாம் கண்டுபிடித்துவிடுவார்களாம். நடுநடுவே காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தமும் எடுத்தார்கள். இதில் தேறினால் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் முகாமில் இடம். தங்க, தின்ன, ஓட எல்லாம் அவர்கள் பொறுப்பு. தாயில்லாப் பிள்ளை தாராவி ஒற்றை அறையிலிருந்து கரையேறிவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்று இருந்தார் மனிதர்.

கண்ணை மூடுவது வெறும் பேச்சும் இல்லை. போன வருடம் தொண்டையிலிருந்து வெட்டி எடுத்த கட்டி மறுபடியும் வந்துவிட்டது, இந்தத் தடவை வெட்ட முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மகளிடம் அவர் மூச்சு விடவில்லை. சோதனை முடியட்டும், அதுவரை பிள்ளை நிம்மதியாக ஓடட்டும் என்று இருந்துவிட்டார்.

சோதனையை நடத்திய கோகிலவாணி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வெளியே வந்தவள் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"அங்கிள், தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டுல சுஜாவுக்கு என்ன சாப்பாடு?"

வேதமுத்துவுக்குச் சுருக்கென்றது. நோய்க்குப் பிறகு தோல் பட்டறை வேலையை விட்டு, வீட்டில் அடுப்படியே கதி என்று கிடப்பவர் அவர். "என் கையாலதாம்மா டப்பா கட்டிக் குடுக்கேன். சோறு, மீன் கொழம்பு, ரெண்டு முட்டை. ஒரு நாளும் தப்புனது இல்ல."

"ஓடுறதுக்கு முன்னாடி அவளைப் படுக்க வெச்சு மூச்சை அளந்தோம். உடம்பு சும்மா கிடக்கவே இவ்வளவு சக்தி செலவு பண்ணணும்னு உண்டு. இவ உடம்பு அதையே சுருக்கிடுச்சு. பல மாசமா பாதிப் பட்டினி. இப்படியே ஓடினா எலும்பு முறியும். ரெண்டு மாசம் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வரட்டும், மறுபடி பாக்கறோம். இல்லேன்னா முகாம் கிடையாது. ஓடவும் விட மாட்டோம்."

இருவரும் பஸ் ஏறினார்கள். கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, மகளை இழுக்காத குறையாக ஓர் ஓட்டலுக்குள் கூட்டிப்போய்த் தோசை சொன்னார். மத்தியான வெயில் வாசலில் கொளுத்திக்கொண்டிருந்தது. தோசை வந்தது. சுஜா அதைத் தொடவில்லை.

"ராத்திரி சாப்புடுதேம்பா. டென்ஷன் எடுக்காதீங்க."

"நான் கட்டிக் குடுக்க டப்பா எங்கட்டி போகுது?"

"நூர் நிஷா சாப்புடுவா. எங்கூட ஓடுற பிள்ளை."

அவர் விடவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "உங்கள ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோன அன்னைக்குப் பொருத்தனை பண்ணுனேன். பொழுது அடையாம தண்ணி தவிர வாயில வைக்க மாட்டேன், எங்க அப்பாவக் குடுத்துருங்க ஆண்டவரேன்னு. குடுத்துட்டாருல்லா?"

"எதுவரைக்கும் இந்தப் பொருத்தனை?"

"நீங்க இருக்க வரைக்கும்."

சபையில் எழுந்து நின்று, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னவர் வேதமுத்து. அதைக் கேட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாளே இந்தப் பிள்ளை!

"ஆண்டவர் பிள்ளையப் பட்டினி கிடக்கச் சொல்லுவாராட்டி?"

"நீங்கதானப்பா சாட்சி சொன்னீங்க?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று துணிந்தார். இவ்வளவு பட்டினி கிடந்தும் கட்டி வந்துவிட்டது, இனிக் கிடந்து என்ன பயன் என்று பிள்ளைக்குப் புரியும். அழுவாள், ஆனால் சாப்பிடுவாள் என்று நினைத்தார். பாவம், மகள் மனசு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர் எங்கே கண்டார்.

"ஏட்டி, சுஜா. அது திரும்ப வந்துட்டு. இனி வெட்ட முடியாதுன்னுட்டாவ. உன் பட்டினி ஒண்ணையும் தடுக்கல. அதனால நீ சாப்புடு."

அவள் அழவில்லை. அவரையே பார்த்துக் கேட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"குருத்தோலை ஞாயிறு கழிஞ்ச வாரம்."

சுஜாவின் முகம் வெளிறிப்போனது. "அந்த ஞாயித்துக்கிழமைதாம்பா டிராம்பேல ரேஸ். பாதியில தலையச் சுத்திக் கீழ உக்காந்துட்டேன். கோச் ஒரு வாழைப்பழம் குடுத்தாரு. காலையில பத்து மணிக்குத் தின்னுட்டேன்." அவள் குரல் உடைந்தது. "ஒரே ஒரு நாள்தாம்பா தப்புனேன். என்னய மன்னிச்சிருங்கப்பா."

"லூசு மாதிரிப் பேசாத. ஒரு பழத்துலயா சீக்கு வரும்? அது முன்னாலயே உள்ள இருந்துருக்கும்."

"நீங்க எனக்காகச் சொல்லுதீங்க. இனிமே ராத்திரியும் வேண்டாம்பா. முழுசா உபவாசம் இருக்கேன். ஆண்டவர் மனசு இரங்குவாரு."

இவளைச் சாப்பிட வைக்கப் போய், இருந்த ஒருவேளைச் சோற்றையும் பிடுங்கிவிட்டோமே என்று வேதமுத்துவுக்கு உறைத்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இங்க பாரு. நான் நல்லாத்தான் இருக்கேன். இதை நான் சாப்புட்டுக் காட்டுதேன். நான் முழுங்கிட்டேன்னா நீயும் சாப்புடணும். என்ன?"

சுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அந்த முகத்தில் லேசாக ஓர் ஆசை எட்டிப்பார்த்தது.

கஞ்சி தவிர வேறெதுவும் அந்தத் தொண்டையில் இறங்கிப் பல நாளாகிறது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். தோசையின் நடுவில் மெத்தென்று இருந்த இடத்தில் ஒரு விள்ளல் பிய்த்து, சாம்பாரில் நன்றாக ஊறவிட்டு வாயில் வைத்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். மகள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், கண்ணை இறுக மூடிப் பார்த்தார். இறங்கவில்லை.