ஓர்ப்படியின் மிஷின்

சர்க்கரை வியாதி முதலில் வந்தது கிருஷ்ணம்மாளுக்குத்தான். சிறுநீரகம் கெட்டதும் முதலில் அவளுக்குத்தான். திலகவதி பின்னாலேயே வந்தாள். அண்ணனையும் தம்பியையும் கட்டி ஒரே வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்தே அப்படித்தான். கொத்துச்சாவி மூத்தவளுக்கு. தறியிலிருந்து இறங்கும் நல்ல புடவை மூத்தவளுக்கு; அவள் கட்டி அலுத்தபின் இளையவளுக்கு. இப்போது ஆரணி ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறைக்குப் புது மிஷின் ஒன்று வந்திருந்தது. அதில் படுத்திருந்ததும் கிருஷ்ணம்மாள்தான்.

"அது இன்னா மிஷினு துர்கா, பேரே வாயில நுழைய மாட்டேங்குது?" என்றாள் திலகவதி.

நர்ஸ் துர்கா அவள் கையில் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள். "ஹீமோடயாஃபில்ட்ரேஷன்மா. எச்.டி.எஃப்.னு சொல்லுங்க, போதும். உங்க மிஷின் ரத்தத்துல இருக்கிற பொடி அழுக்கை எடுத்துடும். கொஞ்சம் பெரிய அழுக்கு தங்கிடும். அந்த மிஷின் சுத்தத் தண்ணியை நிறைய உள்ள விட்டு நிறைய வெளிய இழுக்குது. அதோட அந்த அழுக்கும் வந்துடும்."

"பட்டு நூலைச் சும்மா அலசறதுக்கும், சோப்புப் போட்டு வேகவச்சுப் பசை எடுக்கறதுக்கும் இருக்கிற வித்தியாசம்."

"அப்டியே வச்சிக்கோங்க."

"என்னை அலசி உட்ருவீங்க. அவங்களை மட்டும் வேகவைப்பீங்க."

எதிர்ப்படுக்கையில் கிருஷ்ணம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. "வேகறதுக்குமா போட்டி, திலகா?" என்றாள்.

அறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். திலகவதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அம்மா பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சில்லாமல், கஞ்சி கடைவாயில் ஒழுகக் கிடந்து செத்தவள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குச் சிறுநீரகத்தைவிட இதயமும் மூளையும்தான் தனக்குக் கவலை என்று டாக்டர் வேணுகோபால் சொன்ன அன்றிலிருந்து, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவள் கண்ணாடியில் வாய் கோணியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"அந்த மிஷின்ல போட்டா வாதம் வராதா சார்?" என்று டாக்டரையே கேட்டுவிட்டாள்.

"அப்டி யாரும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இதயத்துக்கு நல்லதுன்னு சில ஆராய்ச்சியில வந்திருக்கு. வாதத்துக்கு எந்தளவு உதவும்னு இன்னும் தெளிவா தெரியல."

நல்லது என்கிற வரைக்கும்தான் அவள் காதில் விழுந்தது.

கிருஷ்ணம்மாளுக்கு எப்படி அந்த இடம் கிடைத்தது என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீரெல்லாம் தங்கிவிடும். வந்ததும் எடை பார்த்து, ஏறியிருக்கிற அளவு தண்ணீரை மிஷினில் இழுப்பார்கள். கிருஷ்ணம்மாள் எடை மிஷினில் ஏறும்போதெல்லாம் துர்கா, "தண்ணிக் கட்டுப்பாடுன்னா இவங்கதான்" என்பாள். அதுதானே சங்கதி?

எடையை ஏய்ப்பது திலகவதி அறியாத வித்தை இல்லை. தறிக்கு முதலாளி பட்டு நூலை நிறுத்துக் கொடுப்பார், நெய்த புடவையை நிறுத்து வாங்குவார். பட்டு கொஞ்சம் குறைந்துபோனால், புடவையை ஈரத்தரையில் பரப்பி, குளிர்ச்சி ஏறியபின் மடித்து எடுத்துப் போவான் அவள் புருஷன். அங்கே ஏற்ற வேண்டும். இங்கே இறக்க வேண்டும், அவ்வளவுதான். எடை மிஷின் ஜன்னலோரம் இருந்தது. முந்தானையைப் பின்னால் தொங்கவிட்டு, அதன் மறைவில் ஜன்னல் கம்பியைப் பிடித்து லேசாக எம்பினாள்.

"அட, நீங்களும் அக்கா மாதிரி ஆயிட்டீங்களே," என்றாள் துர்கா.

அந்தச் சொல்லைக் கேட்கவே அவள் ஒவ்வொரு தடவையும் எம்பினாள். கால் வீங்கியது; வெயில் என்றாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து தூங்கினாள்.

ஒருநாள் எடை மிஷினில் அவள் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"திலகா, கையை எடு."

"எந்தக் கையை?"

"கம்பியில இருக்கிற கையை. முதலாளிகிட்ட என் கொழுந்தன் பண்றதை நீ இங்க பண்றியா? அங்க ஈரம் புடவையில. இங்க உன் மாருல."

"உங்களுக்கு இன்னாக்கா பேஜாரு? உங்க படுக்கைக்கு வந்துடுவேன்னு பயமா?"

"பயம்தான்," என்ற கிருஷ்ணம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள். "துர்கா, ஜல்தி வாம்மா. இவளைக் கை கட்டச் சொல்லி மறுபடி நிறுத்து."

துர்கா எடையைப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அவர் வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். காலை அழுத்தினார், விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

"நெஞ்சு பூரா தண்ணிம்மா. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா, நீங்க பயப்படறது எல்லாம் தானா வந்திருக்கும். ஏன் இப்டி பண்ணீங்க?"

"தண்ணி ஏறாதவங்களுக்குத்தானே சார் அந்த மிஷினு?"

"யார் சொன்னா? அதுக்கு ஊசி போடற இடத்துல ரத்தம் வேகமா வர்ற கை வேணும். உங்க கை அருமையான கை. இதயம் வேற பலவீனமா இருக்குன்னு அடுத்து உங்களைத்தான் மாத்த நினைச்சேன். அப்பறம் பார்த்தா எடை ஏறவே இல்ல. சரி, இவங்களுக்கு அவசரம் இல்லன்னு உட்டுட்டேன்."

திலகவதி ஜன்னல் கம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிருஷ்ணம்மா கையில ரத்தம் வர்றது குறைஞ்சுகினே வருது," என்றார் டாக்டர். "அவங்களுக்கே தெரியும். கையைச் சரிபண்ற வரைக்கும் அவங்க சாதா மிஷினுக்குப் போவாங்க. நீங்க இங்க வாங்க."

அவர் போனதும் திலகவதி மெல்லக் கேட்டாள். "எனக்குத்தான் வரும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். வாயை மூடிகினு இருக்கலாம்னுதான் ரெண்டு தடவை பார்த்தேன். உன் காலு கண்ணுல பட்டுகினே இருந்துச்சு."

"அப்ப இதுவும் நீங்க கட்டி அலுத்ததுதான்."

"அலுக்கலடி. புடுங்கிக்கினு போற."

அடுத்த முறை வந்தபோது படுக்கைகள் மாறியிருந்தன. புது மிஷின் திலகவதியின் தலைமாட்டில் முனகியது. பழைய மிஷின் முனகுவது போலவேதான் இருந்தது. ஆனால் துர்கா எதிர்ப்படுக்கையில்தான் நின்றாள். கிருஷ்ணம்மாளின் கையைத் தடவிப் பார்த்தாள், தலையணையை உயர்த்தினாள். டாக்டர் வந்ததும் நேரே அங்கேதான் போனார். போளூரிலிருந்து டயாலிசிஸுக்கு வருகிற தனக்கோடி கூட, "கை எப்டிக்கா இருக்குது?" என்று அங்கேதான் கேட்டாள். புது மிஷினில் கிடப்பவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"துர்கா, எனக்கும் கை வலிக்குது," என்றாள் திலகவதி.

"பொய்," என்றாள் கிருஷ்ணம்மாள். பிறகு தலையைத் திருப்பினாள். "இன்னா திலகா, வேகுதா?"

"இன்னும் கொதியே வரலக்கா," என்றாள் திலகவதி.