பிடி விட்ட ஸ்பேனர்

சுவாமே மேகசின் பட்டறைப் பேட்டையின் மேற்கு வரிசையில், வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் பெண் போமா ஒருத்திதான். குமாசி நகரத்தில் ஆள் ஏற்றி ஓடும் ட்ரோட்ரோ வேன்களில் பாதியாவது ஒரு தடவை அவள் நெஞ்சுக்கு மேலே நின்றிருக்கும். இருபத்திரண்டு வருஷ வேலை. இடது கட்டை விரலில் நகம் கிடையாது. அது போய்ப் பத்து வருஷமாகிறது.

நகத்தைக் கொண்டுபோனது பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் போல்ட். போல்ட்டின் தலை வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு ஒரு பக்கம், நட்டு மறுபக்கம். தலையை ஒருவர் அசையாமல் பிடித்தால்தான் நட்டை இன்னொருவர் கழற்ற முடியும். போமா தனி ஆள். தலைக்கு ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, அதன் வாலைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, மறுபக்கம் தவழ்ந்து போய் நட்டைத் திருகுவாள். முட்டு சறுக்கினால் ஸ்பேனர் எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் குவார்ட்டி கொண்டுவந்த சாமானைப் பார்த்ததும் அவள் கண் அதிலேயே நின்றது. தலைநகர் அக்ராவிலிருந்து வந்த இறக்குமதி வியாபாரி அவன். கூடவே பேட்டை ஃபிட்டர்கள் சங்கத் தலைவர் ஒபிரி. சாமான் என்னவோ ஸ்க்ரூ ஸ்பேனர்தான். சக்கரத்தைத் திருகினால் தாடை விரியும், சுருங்கும். ஆனால் சிவப்புக் கைப்பிடியில் ஒரு நெம்பு இருந்தது. நட்டைக் கவ்வியபின் அதை அழுத்தினால் தாடை 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். கையை எடுத்தாலும் விழாது.

"பூட்டு ஸ்பேனர். உங்களை மாதிரித் தனியா வேலை பாக்கறவங்களுக்குன்னே செஞ்சது" என்றான் குவார்ட்டி. "சங்கத்துல நானூறு பேருக்கும் எடுக்கறதா தலைவர் பேசியிருக்காரு. சனிக்கிழமை இதை மேடையில காட்டறப்ப நீங்க ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லணும். ஒரு சிரிப்பு, ஒரு போட்டோ. குமாசி முழுக்க உங்க மூஞ்சிதான்."

"என் மூஞ்சி குமாசி முழுக்க ஏற்கனவே தெரியும். கிரீஸோட."

"கிரீஸோடவே எடுத்துக்கலாம்க்கா!"

"மூணு நாள் குடுங்க. வேலையில போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பாக்க என்ன இருக்கு? கையில பிடிச்சாலே கெட்டியாத் தெரியுதே."

"கையில பிடிச்சா கோழிமுட்டைகூடக் கெட்டியாத்தான் தெரியும்."

ஒபிரி சிரித்தார். "விடுப்பா. அவ அப்படித்தான். நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லட்டுமே." கையோடு ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முதல் நாள் போமாவுக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. டன்குவா என்ற டிரைவரின் வேன் வந்தது. போல்ட் தலையில் ஸ்பேனரைப் பூட்டினாள், மறுபக்கம் போனாள், நட்டு கழன்றது. முட்டும் இல்லை, தவழ்ந்து தவழ்ந்து திரும்பி வருவதும் இல்லை. "அடியில யாருக்கா கூட இருக்கறது?" என்று குனிந்து பார்த்தான் டன்குவா. "புதுசா ஒருத்தனைக் கட்டிக்கிட்டேன். பேசவே மாட்டான், விடவும் மாட்டான்" என்றாள் போமா. அன்று இரண்டு மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம், நட்டு இறுகியிருந்த இடத்தில் தாடை ஒரு நூல் அளவு விலகியதை விரலால் உணர்ந்தாள். சக்கரத்தை இறுக்கி மறுபடி பூட்டினாள். மறுபடி விலகியது. மனசு கேட்கவில்லை, தான்தான் சரியாகக் கவ்வவைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அந்த ஸ்பேனர் நன்றாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

மூன்றாம் நாள் காலையில் நெம்பு 'பட்'டென்று திறந்துகொண்டது. இழுத்துக்கொண்டிருந்த வேகத்தில் போமாவின் முகவாய் சட்டத்தில் போய் மோதியது. வெளியே வந்து, ரத்தத்தைத் துணியால் அழுத்திக்கொண்டே ஸ்பேனரைப் பிரித்துப் பார்த்தாள். நெம்பைத் தாங்கும் ஆணி வாழைக்காய் மாதிரி வளைந்திருந்தது. தாடையின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடம் பிட்ட கென்கி என்ற மக்காச்சோள மாவுருண்டை மாதிரிப் பொறுபொறுவென்று தெரிந்தது. அடித்துச் செய்த இரும்பு அப்படி உடையாது. இது அச்சில் ஊற்றி அவசரமாக ஆறவிட்டது.

அப்படியே ஒபிரியிடம் போனாள். அவர் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். சொல்லிப் புரியவைக்க வேண்டிய அவசியமில்லை.

"ஒண்ணு ரெண்டு அப்படி இருக்கும்" என்றார் கடைசியில். "மழை வந்தா சங்கக் கொட்டகையில குடை பிடிச்சுக்கிட்டுக் கூட்டம் போடறோம். புதுக் கூரை போட்டுத் தரேன்னு குவார்ட்டி வாக்குக் குடுத்திருக்கான். நீ ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போ. வாங்கினவன் பாத்துக்குவான்."

"எதை வெச்சுப் பாத்துக்குவான்? முகவாயை வெச்சா?"

"போமா, பொம்பளைய உள்ள விடாதேன்னு பேட்டையே கத்தினப்ப உன்னை உள்ள விட்டவன் நான்."

"விட்டீங்க. அன்னிக்கே கும்பிட்டு நன்றி சொன்னேன் தலைவரே. அதுக்காக இந்த ஸ்பேனரைக் கும்பிட முடியாது."

அவர் முகம் கறுத்தது. "அப்ப நாளைக்கு மேடைக்கு நீ வர வேண்டாம்."

"வருவேன்" என்றாள் போமா.

சனிக்கிழமை உச்சி வெயிலில் ஒலிபெருக்கி அலறியது. மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், அதில் பளபளவென்று ஒரு புதுப் போல்ட். பின்னால் சீல் வைத்த பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. குவார்ட்டி ஸ்பேனரைப் பூட்டி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். கைதட்டல். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு போமா வந்தாள். முகவாயில் பிளாஸ்திரி, தோளில் பழைய வேனின் ஸ்பிரிங் தாங்கி, துருப்பிடித்த போல்ட்டோடு. அதை மேசைமேல் 'தொம்'மென்று இறக்கினாள்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கற போல்ட்டை யாரும் நம்மகிட்டக் கொண்டு வர்றதில்ல. இதுல போட்டுக் காட்டுங்க."

குவார்ட்டி ஒபிரியைப் பார்த்தான். கூட்டம் "போடு, போடு" என்றது. தன் கையிலிருந்த ஸ்பேனரைத் துருப்போல்ட்டில் பூட்டினான். போமா மறுபக்கம் ரிங் ஸ்பேனரைக் கொடுத்துத் தன் முழு பலத்தோடு இழுத்தாள். நட்டு கிறீச்சிட்டு நகர்ந்தது. பூட்டு ஸ்பேனர் இம்மியும் அசையவில்லை.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கிழக்கு வரிசை ஃபிட்டர் யிரென்சி, கிண்டலடிக்க ஏதாவது கிடைத்தால் விடாதவன், கத்தினான்: "முகவாயில அடிபட்டா கண்ணும் மங்கிடுமோ போமா? ஸ்பேனரைக் குறை சொல்லாதே, பிடிக்கத் தெரியலேன்னு சொல்லு!"

அவள் காது சுட்டது. ஒரு நிமிஷம் அவளுக்கே சந்தேகம் வந்தது, பிசகு தன் கையில்தானோ என்று. ஆனால் அந்தக் கை மூன்று நாள் அந்த ஸ்பேனரோடு கிடந்த கை. போல்ட்டிலிருந்து குவார்ட்டியின் ஸ்பேனரைக் கழற்றி வலது கையில் எடுத்தாள். சட்டைப் பையிலிருந்த தன்னுடையதை இடது கையில் வைத்தாள். வலது கை கனத்தில் இறங்கியது. திருப்பிப் பார்த்தாள். அவளுடையதன் முதுகில் அச்சு சேர்ந்த கோடு நீளமாக ஓடியது. அவனுடையதில் அந்தக் கோடே இல்லை; அது அடித்துச் செய்தது.

ஒலிபெருக்கியை அவளே எடுத்துக்கொண்டாள். "இது நல்ல ஸ்பேனர்."

குவார்ட்டியின் முகம் மலர்ந்தது.

"எனக்கு இது வேணும். இங்க நிக்கற அத்தனை பேருக்கும் வேணும். இதை யோசிச்சுக் கண்டுபிடிச்சவன் வண்டிக்கு அடியில படுத்தவனாத்தான் இருப்பான். ஆனா பெட்டிக்குள்ள இருக்கறது இது இல்ல."

"ஒரே அச்சு, ஒரே ஃபேக்டரிக்கா!"

"அப்ப பெட்டியைத் திற."

"சங்கம் கையெழுத்துப் போடாம சீலை உடைக்க முடியாது" என்று ஒபிரி குறுக்கே வந்தார். "கீழே இறங்கு, போமா."

அவள் இறங்கவில்லை. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் காலை அகட்டி உட்கார்ந்தாள். "திறக்கற வரைக்கும் இங்கேதான் இருப்பேன். எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல." யாரோ ஒரு தண்ணீர்ப் பொட்டலத்தை அவளிடம் தூக்கிப் போட்டார்கள். மூலையைக் கடித்து நிதானமாகக் குடித்தாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது, பிறகு ஒரு குரல், பத்துக் குரல், "திற! திற!" டன்குவா மேடையேறிக் கத்தியால் சீலைக் கிழித்தான்.

"நான் எடுக்கல. என்னைப் பாத்துச் சிரிச்சானே, அவன் வந்து எடுக்கட்டும்" என்றாள் போமா.

யிரென்சி வந்து அடியிலிருந்து ஒன்றை உருவினான். துருப்போல்ட்டில் பூட்டி இழுத்தார்கள். அது நின்றது. குவார்ட்டி துள்ளினான். இரண்டாவதன் நெம்பு பாதி இழுப்பிலேயே திறந்துகொண்டது. மூன்றாவதன் தாடை உடைந்து சிமெண்டுத் தரையில் 'கிளிங்'கென்று விழுந்தது. நான்காவதை யாரும் கேட்கவில்லை. யிரென்சியே எடுத்துப் போட்டுப் பார்த்தான். ஆணி வளைந்தது. "சே! இதை மேலே வெச்சுக்கிட்டு அடியில படுத்தா, எனக்கு முகவாயே மிஞ்சாது" என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

குவார்ட்டி உடைந்த துண்டைக் குனிந்து எடுத்தான். "நான் நேர்ல போனப்ப அவங்க காட்டினது இதைத்தான்" என்று கையிலிருந்த கனமான ஸ்பேனரைப் பார்த்து மெல்லச் சொன்னான். பாதி நம்பலாம் என்று போமாவுக்குத் தோன்றியது.

ஒபிரி ஒலிபெருக்கியைப் பிடுங்கி அணைத்தார். "உன்னால கூரை போச்சு."

"கூரையை நாமளே சேந்து போட்டுக்கலாம் தலைவரே. போன விரலை யாரு போட்டுத் தருவா?"

அவர் மேடையை விட்டு இறங்கிப் போனார். கையெழுத்து ஆகவில்லை. பெட்டிகள் சாயங்காலமே லாரியேறின. அதன்பிறகு சங்கத்தின் இரண்டு வேன்களும் போமாவின் பட்டறைக்கு வரவில்லை. ஒபிரி அந்த வழியாகப் போனால் வானத்தைப் பார்த்துக்கொண்டே போவார். முதல் மழையில் கொட்டகை வழக்கம்போல ஒழுகியது. நனைந்தவர்களில் சிலர் அவள் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அடுத்த கூட்டத்துக்கு போமா முதல் ஆளாகப் போய், அதிகமாக ஒழுகும் இடமாகப் பார்த்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். கூட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்த மழைக்கிடையில் ஒரு நாள் குவார்ட்டி வந்தான். ஒலிபெருக்கியும் இல்லை, போட்டோக்காரனும் இல்லை. பையிலிருந்து நாலு ஸ்பேனரை எடுத்து அவள் மேசையில் வைத்தான்.

"வேற பட்டறையில செஞ்சது. அடிச்சுச் செஞ்ச எஃகுன்னு சொல்றாங்க."

"சொல்றாங்களா?"

"அதான் வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் கொண்டு வந்தேன்."

போமா ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தாள். தாடையை ஆட்டிப் பார்த்தாள், முதுகை விரலால் தடவினாள். ஒன்றை அப்போதே அவன் பக்கம் தள்ளினாள். "இதை எடுத்துட்டுப் போயிடு." மற்ற மூன்றையும் சுவரில் ஆணியில் மாட்டினாள்.

"எப்ப வரட்டும்க்கா? மூணு நாள் கழிச்சா?"

"மழைக்காலம் முடியட்டும்."

"அதுக்கு ரெண்டு மாசம் ஆகுமே! ஆர்டர் குடுக்கணும்க்கா, அங்க எனக்காகக் காத்துக்கிட்டு..."

"காத்துக்கிட்டு இருக்கட்டும். வண்டிக்கு அடியில படுக்கப்போறது அவங்க இல்லையே."

அவன் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். போமா மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, டன்குவாவின் வேனுக்கு அடியில் போய்விட்டிருந்தாள்.